நான்கு கார்கள், நான்கு வரலாறுகள்: எதை வாங்குவது?

பழைய சொகுசுக் கார் ஒன்றைத் தேட ஆரம்பித்தால், ஒரே மாடலில் நான்கு விதமான கார்கள் கண்ணில் படும். ஒன்று, கடைசி நட்டு வரை கழற்றி முழுசாகப் புதுப்பித்தது; நின்றால் முகம் தெரியும் அளவுக்கு மின்னும். இன்னொன்று, யாரும் பெரிதாகக் கை வைக்காதது. பெயிண்ட் மங்கியிருக்கும், இருக்கைத் தோல் வெடித்திருக்கும், ஆனால் இருப்பதெல்லாம் அதனுடையதாகவே இருக்கும். மூன்றாவது, அடிச்சட்டமும் எஞ்சினும் பழையவை, மேலே உட்கார்ந்திருக்கும் பாடி மட்டும் பிற்காலத்தில் கட்டியது. நான்காவது, யாரோ ஆசை ஆசையாகக் கழற்றிப் போட்டுப் பாதியில் விட்டது. பாதி கார் தரையில், மீதி அட்டைப் பெட்டிகளில்.

1930-களின் ரோல்ஸ்-ராய்ஸ் 20/25 என்ற மாடலை எடுத்துக்கொள்ளுங்கள். 1929 முதல் 1936 வரை 3,800-க்கும் மேல் செய்தார்கள். ஆறு சிலிண்டர், சுமார் 3.7 லிட்டர் எஞ்சின். கணிசமான எண்ணிக்கையில் இன்றும் மிஞ்சியிருப்பதால் இந்த நான்கு வகையும் சந்தையில் வருகின்றன. வாங்க நினைப்பவர் திணறுவதும் இங்கேதான். அழகைப் பார்த்தால் ஒன்று முந்தும், ஓட்டும் சுகத்தைப் பார்த்தால் வேறொன்று முந்தும், கேட்கும் விலையைப் பார்த்தால் இன்னொன்று.

நான் வேறு ஒரு கேள்வியை முதலில் கேட்பேன். இந்தக் காரில் இல்லாதது எது, அதைப் பிறகு சேர்க்க முடியுமா? பெயிண்ட் போனால் அடிக்கலாம். பேரிங் தேய்ந்தால் வார்க்கலாம். மரச்சட்டம் உளுத்தால் புதிதாக இழைக்கலாம். எண்பது தொண்ணூறு ஆண்டுகளில் கார் யார் யாரிடம் இருந்தது, எவர் எதை எப்போது மாற்றினார் என்ற தொடர்ச்சி அறுந்துபோனால் அதை எந்தப் பட்டறையிலும் செய்து வாங்க முடியாது. அதனால்தான் காருக்கு முன் காகிதங்களைப் பாருங்கள் என்று சொல்கிறேன்.

காகிதங்களுக்கு இவ்வளவு இடம் கொடுக்க ஒரு காரணம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய சொகுசுக் கார்களில் ‘கம்பெனியிலிருந்து வந்தபடியே’ என்ற பேச்சே கொஞ்சம் சிக்கலானது. ரோல்ஸ்-ராய்ஸ் விற்றது ஓடும் நிலையில் உள்ள அடிச்சட்டத்தை மட்டும்தான். அதன் மேல் பாடி கட்டிக் கொடுத்தவை பார்க்கர், ஹூப்பர், பார்க் வார்டு, கர்னி நட்டிங் போன்ற தனி நிறுவனங்கள். வாங்குபவர் கேட்ட மாதிரி ஒவ்வொன்றும் வேறுபட்டது. கம்பெனியே இரும்புத் தகட்டில் பாடி செய்து முழுக் காராக விற்க ஆரம்பித்தது போருக்குப் பிறகுதான்: 1946-இல் அதே கம்பெனியின் பென்ட்லி மார்க் சிக்ஸ், 1949-இல் ரோல்ஸ்-ராய்ஸ் சில்வர் டான். ஆகவே, ஒரு 20/25-ஐ இன்னொரு 20/25-ஓடு ஒப்பிட்டு ‘இதுதான் சரியான வடிவம்’ என்று சொல்ல வழியில்லை. அந்த ஒரு கார் பிறக்கும்போது எப்படி இருந்தது என்பதற்கு அதன் ஆவணங்கள்தான் சாட்சி.

நல்ல வேளையாக, ரோல்ஸ்-ராய்ஸ் விஷயத்தில் அந்தச் சாட்சி பத்திரமாக இருக்கிறது. ஒவ்வொரு அடிச்சட்டத்துக்கும் கம்பெனி எழுதி வைத்த அட்டைகள் இங்கிலாந்தில் பாலர்ஸ்பரி என்ற ஊரில் உள்ள ஹன்ட் ஹவுஸில் பாதுகாக்கப்படுகின்றன. யார் ஆர்டர் கொடுத்தார், எந்த நிறுவனம் பாடி கட்டியது, எப்போது கொடுக்கப்பட்டது என்பதெல்லாம் அதில் இருக்கும். பாடியின் எடைக்கும் பயன்பாட்டுக்கும் ஏற்ப ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுத்துப் பொருத்தியதால் அந்த விவரமும் பதிவாகியிருக்கும். மூடிய கனமான லிமுசினுக்கென்று ஸ்பிரிங் போட்ட அடிச்சட்டத்தின் மேல் இன்று இலேசான திறந்த டூரர் பாடி இருந்தால், ஏதோ நடந்திருக்கிறது என்று அட்டையே சொல்லிவிடும். காரை நேரில் பார்க்கப் போவதற்கு முன்பே இந்த அட்டையின் நகலை வாங்கிவிடுவது என் வழக்கம். மின்னும் பெயிண்ட் முன்னால் நின்றுவிட்டால் மனசு அலைபாயும். அட்டையைப் படித்துவிட்டுப் போனால் கண் தானாகவே சரியான இடத்தைத் தேடும்.

அமெரிக்கக் கார்களில் டூசன்பர்க் மாடல் ஜே வாங்குபவருக்கு இந்தப் பரிசோதனை இன்னும் முக்கியம். 1928 கடைசியில் அறிமுகமான அந்தக் காரில் எஞ்சினையும் பாடியையும் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றியது சர்வ சாதாரணம். விற்பனையாளர்களே பழைய பாடியைத் தூக்கிப் புது வாடிக்கையாளருக்கு வேறு பாடி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அதனால் அந்தக் காரைப் பற்றிப் பேசுகிறவர்கள் அடிச்சட்ட எண், எஞ்சின் எண், பாடி என்று மூன்றையும் தனித்தனியாகக் கேட்பார்கள். மூன்றும் ஆரம்பத்திலிருந்தே ஒன்றாக இருந்தவை என்றால் அதற்குத் தனி மதிப்பு.

மின்னுகிற கார்

முழுவதும் புதுப்பித்த காரின் பக்கம் இருக்கும் நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நல்ல புதுப்பிப்பு என்பது சாதாரண வேலை இல்லை. பாடியை அடிச்சட்டத்திலிருந்து தூக்க வேண்டும். அலுமினியத் தகடுகளை உரித்தால் உள்ளே ஆஷ் மரத்தில் இழைத்த எலும்புக்கூடு இருக்கும். ஈரம் புகுந்த இடத்தில் அது பொடிப்பொடியாக உதிரும். கதவுத் தூண், வாசற்படிக் கட்டை, பின்சக்கர வளைவு ஆகிய மூன்று இடங்களில்தான் பெரும்பாலும் சேதம் ஆரம்பிக்கிறது. எஞ்சினில் அந்தக் காலத்து ஒயிட் மெட்டல் என்ற மென்மையான உலோகக் கலவைப் பேரிங்குகளை உருக்கி வார்த்துக் கடைய வேண்டும். கிராங்க் ஷாஃப்டுக்குள் எண்ணெய் ஓடும் துளைகளில் பல வருஷக் கசடு இறுகிக் கிடக்கும். திறந்து சுத்தம் செய்தால்தான் பேரிங் பிழைக்கும். இதையெல்லாம் ஒழுங்காகச் செய்து முடித்த காரை வாங்குகிறவர் பல வருஷக் காத்திருப்பையும், எதிர்பாராத செலவையும் தாண்டி வந்து உட்காருகிறார். நம்பி நீண்ட தூரம் போகலாம். அது சின்ன விஷயம் இல்லை.

சிக்கல் என்னவென்றால், புதுப்பிக்கும்போது காரில் இருந்த சாட்சியமும் சேர்ந்து அழிகிறது. பழைய பெயிண்டைச் சுரண்டினால் அதன் அடியில் இருந்த முதல் நிறம் போய்விடும். தேய்ந்த மிதிபலகையை மாற்றினால் எண்பது வருஷம் கால் பட்ட தடம் போய்விடும். அதைவிட மோசம், பூசி மெழுகும் வேலை. உள்ளே மரம் உளுத்தது அப்படியே இருக்க, மேலே பட்டி பூசிப் பெயிண்ட் அடித்து விற்ற கார்கள் நிறைய உண்டு. இரும்புத் தகடு என்றால் காந்தம் வைத்துப் பார்த்துப் பட்டியைக் கண்டுபிடிக்கலாம். அலுமினியத் தகட்டில் அந்த உத்தி செல்லாது. கதவைத் திறந்து அதன் ஓரத்தைப் பிடித்து மெதுவாக மேலே தூக்கிப் பாருங்கள். கீல் பக்கம் தூண் சேர்ந்து அசைந்தால், வெளியே எவ்வளவு பளபளப்பு இருந்தாலும் உள்ளே மரம் போய்விட்டது என்று அர்த்தம்.

செய்தவர் எவ்வளவு படித்துச் செய்தார் என்பதையும் காரே சொல்லும். குரோம் முலாம் கார்களில் பரவலானது 1920-களின் கடைசியில்தான். அதற்கு முன் நிக்கல்; அதன் நிறத்தில் இளம் மஞ்சள் சூடு இருக்கும், குரோமின் நீலக் குளிர்ச்சி இருக்காது. 1924 காரில் குரோம் ரேடியேட்டர் இருந்தால் பின்னால் முலாம் பூசியிருக்கிறார்கள். அதே மாதிரி, நட்சத்திர வெட்டுள்ள ஸ்குரூ கார்களில் புழக்கத்துக்கு வந்தது 1936-இல் காடிலாக் அதைப் பயன்படுத்திய பிறகு. அதற்கு முந்தைய காரின் கதவு உள்பக்கத்தில் அந்த ஸ்குரூ இருந்தால் பிற்காலக் கை ஒன்று அங்கே வேலை செய்திருக்கிறது. ஒரு ஸ்குரூவுக்காகக் காரை ஒதுக்கச் சொல்லவில்லை. கண்ணில் படுகிற இடத்திலேயே இப்படி என்றால், படாத இடத்தில் எப்படிச் செய்திருப்பார்கள் என்று விசாரிக்க அது ஒரு காரணம், அவ்வளவுதான்.

ஆகவே, புதுப்பித்த கார்களுக்குள்ளேயே இரண்டு ஜாதி இருக்கிறது. ஒன்றுக்குக் கோப்பு உண்டு: கழற்றுவதற்கு முன் எடுத்த படங்கள், மரச்சட்டம் வெறுமையாக நின்றபோது எடுத்த படங்கள், எந்தத் துண்டு பழையது எது புதியது என்ற குறிப்பு, ரசீதுகள், கதவுக் கீலுக்கு அடியில் கிடைத்த பழைய நிறத்தின் மாதிரி, கழற்றிய பாகங்கள் போட்டு வைத்த பெட்டி. இன்னொன்றுக்குப் ‘பணம் பார்க்காமல் செய்தது’ என்ற வாய்வார்த்தை மட்டும். முதல் வகை என்றால் வாங்கலாம், நிம்மதியாக வாங்கலாம். இரண்டாவதை எவ்வளவு அழகாக இருந்தாலும் வரலாறு தெரியாத கார் என்றுதான் எண்ணிக்கொள்ள வேண்டும்.

அப்புறம் ஒன்று. புதுப்பித்து முப்பது வருஷம் ஆகியிருந்தால் அந்தப் புதுப்பிப்பும் இப்போது பழசுதான். டயர் காலாவதியாகியிருக்கும், குழாய்கள் இறுகியிருக்கும், உட்கார்ந்தே இருந்த எஞ்சினில் சீல்கள் காய்ந்திருக்கும். பெயிண்ட் மட்டும் இன்னும் நேற்று அடித்த மாதிரி இருப்பதால் நாம் ஏமாந்துபோகிறோம்.

கை வைக்காத கார்

இதைப் பற்றி நீளமாகவே எழுத வேண்டும். ஏனென்றால் முன்பு நானும் மின்னும் காரின் பக்கம்தான் நின்றேன். என் எண்ணம் மாறியதற்கு இந்த வகைக் கார்கள்தான் காரணம்.

கார் உலகத்தின் எண்ணமும் மெதுவாகத்தான் மாறியது. கலிஃபோர்னியாவின் பெபிள் பீச்சில் 1950-இல் தொடங்கிய கார் அழகுப் போட்டியில், புத்தம் புதிதாகத் தெரியும் கார்களே காலம் காலமாக முதல் பரிசை வாங்கிக்கொண்டிருந்தன. 2024-இல் முதல் தடவையாக, புதுப்பிக்காமல் பேணிய ஒரு கார் அந்தப் போட்டியின் தலைப்பரிசைப் பெற்றது: 1934-ஆம் ஆண்டின் புகாட்டி டைப் 59 ஸ்போர்ட்ஸ். பந்தயத்தில் ஓடியது, பிறகு பெல்ஜிய மன்னர் மூன்றாம் லியோபோல்டிடம் இருந்தது. அவர் காலத்தில் கறுப்பு நிறமும் மஞ்சள் பட்டையும் பெற்ற அந்தக் கார், அந்தத் தேய்ந்த கறுப்போடுதான் மேடையேறியது. பந்தயக் காரின் நீல நிறத்துக்கு அதைத் திருப்பியிருக்கலாம். யாரும் செய்யவில்லை, செய்திருந்தால் ஒரு மன்னரின் கை பட்ட பகுதி அந்தக் காரின் கதையிலிருந்து அழிந்திருக்கும்.

இந்த எண்ணத்துக்கு ஓர் எழுத்து வடிவமும் உண்டு. 1966-இல் தொடங்கிய ஃபிவா என்ற பன்னாட்டுக் கூட்டமைப்பு பழைய வாகனங்களுக்கென்று 2012-இல் டூரின் சாசனத்தை ஏற்றுக்கொண்டது. பழைய கட்டடங்களையும் நினைவுச் சின்னங்களையும் எப்படிப் பேணுவது என்று 1964-இல் எழுதிய வெனிஸ் சாசனம்தான் அதற்கு முன்மாதிரி. முடிந்தவரை குறைவாகத் தலையிடு, செய்த வேலையைப் பதிவு செய், மாற்றிய பாகம் எது என்று பிற்பாடு அடையாளம் காணும்படி வை என்பது அதன் சாரம். கோயில் தூணுக்கும் ஓவியத்துக்கும் காட்டும் கவனத்தைக் காருக்கும் காட்டச் சொல்கிறது. எனக்கு இது மிகையாகத் தோன்றவில்லை.

உரிமையாளர் தொடர்ச்சி இந்த வகையில்தான் மிகத் தெளிவாக இருக்கும். 40/50 வகை ரோல்ஸ்-ராய்ஸ்கள் எல்லாவற்றுக்கும் சில்வர் கோஸ்ட் என்ற பெயர் வரக் காரணமான கார், 60551 என்ற அடிச்சட்ட எண் கொண்டது, 1907-இல் செய்தது. பார்க்கர் கட்டிய பாடி, வெள்ளி நிறம், ஏ.எக்ஸ். 201 என்ற பதிவு எண். நம்பகத்தன்மைச் சோதனையில் பல்லாயிரம் மைல் ஓடிய பிறகு 1908-இல் தனியார் ஒருவருக்கு விற்கப்பட்டது. கம்பெனிக்கு அது திரும்பி வந்தது 1948-இல். நாற்பது ஆண்டுக் கதையை ஒரே வரியில் சொல்ல முடிகிறது என்றால் அதுதான் தொடர்ச்சி. பின்னால் அதில் வேலைகள் நடந்தன. ஆனால் எது எப்போது நடந்தது என்பதில் குழப்பமில்லை.

இன்னொரு கார், 57502 எண் கொண்ட புகாட்டி டைப் 57 எஸ் அட்டலான்ட். 1937-இல் இதன் முதல் உரிமையாளர் பந்தய ஓட்டுநரான ஹவ் பிரபு. 1955-இல் ஒரு மருத்துவர் வாங்கினார். 1960-களின் தொடக்கத்தில் கொட்டகையில் நிறுத்தியதோடு சரி. அவர் இறந்த பிறகுதான் வெளியே வந்து, 2009-இல் பாரிஸில் ஏலத்துக்குப் போனது. அடிச்சட்டம், எஞ்சின், பாடி எல்லாம் ஆரம்பத்தில் ஒன்றாக இருந்தவையே. அரை நூற்றாண்டு யாரும் ‘சீர்செய்யாமல்’ விட்டதே அதைக் காப்பாற்றியது.

சரி, அப்படியென்றால் தூசி படிந்த காரையெல்லாம் வாங்கலாமா? கூடாது. தூசி வரலாறு ஆகாது. கொட்டகையிலிருந்து எடுத்த கோலத்திலேயே, துடைக்காமல், படம் எடுத்து விற்பது இப்போது ஒரு வழக்கமாகிவிட்டது. மோசமான புதுப்பிப்புக்கு உள்ளான கார் முப்பது வருஷம் வெளியே நின்றாலும் அதே கோலத்துக்கு வந்துவிடும். ஆகவே இங்கும் கேட்க வேண்டியது அதே கேள்விதான்: இது தேய்ந்தது எப்படி என்று தெரியுமா? ஓட்டுநர் இருக்கைத் தோல் கிழிந்து, பின் இருக்கை நன்றாக இருந்தால் அது ஒருவர் தானே ஓட்டிய கார். முன் இருக்கைத் தோல் கெட்டிப்பட்டு, பின்னால் துணி இருக்கை நைந்திருந்தால் சம்பளத்துக்கு ஓட்டியவர் வைத்திருந்த குடும்பக் கார். இந்தத் தேய்மானமும் பதிவுப் புத்தகத்தில் உள்ள பெயர்களும் ஒரே கதையைச் சொன்னால் மனசு நிறைகிறது. இரண்டும் முரண்பட்டால் நிதானிக்க வேண்டும்.

கை வைக்காத கார் என்பதற்காக எதிலுமே கை வைக்காமல் ஓட்டிவிட முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். துணி சுற்றிய பழைய வயர்கள் உள்ளே உதிர்ந்திருக்கும், தீப்பிடிக்கும். பிரேக், பெட்ரோல் குழாய், டயர், ரேடியேட்டர் ஹோஸ் எல்லாம் மாற்றியாக வேண்டும். உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் பழமை பார்க்கக் கூடாது. ஆனால் கழற்றிய வயரையும் குழாயையும் தூக்கி எறியாமல் பெயர் எழுதி வைத்துவிட்டால், பின்னால் வருகிறவருக்கு ஒரு பாதை இருக்கும்.

ஓடாமல் நின்ற காலமும் கணக்கில் வர வேண்டும். 1936 முதல் 1939 வரை செய்த பன்னிரண்டு சிலிண்டர் ரோல்ஸ்-ராய்ஸ் ஃபாண்டம் த்ரீயில் ஆரம்பத்தில் ஹைட்ராலிக் டேப்பெட்டுகள் (எண்ணெய் அழுத்தத்தில் வால்வு இடைவெளியைத் தானே சரிசெய்பவை) இருந்தன. எண்ணெய் சுத்தமாக இருந்தால் சத்தமே கேட்காது. கசடு சேர்ந்தால் அடைத்துக்கொண்டு, கூடவே கேம் ஷாஃப்டையும் கெடுக்கும். பிந்தைய கார்களில் கம்பெனியே அதைக் கைவிட்டுச் சாதாரண டேப்பெட்டுக்கு மாறியது. அப்படிப்பட்ட காரில், நாற்பது வருஷம் கொட்டகையில் நின்றதைவிட, வருஷா வருஷம் எண்ணெய் மாற்றியதற்கான ரசீதுக் கட்டு எவ்வளவோ மேல்.

இந்த வகையின் கடைசி எல்லை எது என்று கேட்டால், இத்தாலி-சுவிட்சர்லாந்து எல்லையில் உள்ள மஜோரே ஏரியில் கிடந்த 1925 புகாட்டியைச் சொல்வேன். 1936-இல் மூழ்கி, 2009-இல் மேலே எடுத்து, மறு வருஷம் ஏலத்தில் விற்றது. பாதி கரைந்துபோன அந்தக் காரை வாங்கியவர் சீர்செய்யாமல் அப்படியே அருங்காட்சியகத்தில் வைத்தார். அங்கே அது சரி. ஓட்ட நினைக்கிற நமக்கு அந்த வழி இல்லை.

பாடி மாற்றிய கார்

புதிய மொந்தையில் பழைய கள் என்று இதை உடனே தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. நான் அவ்வளவு அவசரப்பட மாட்டேன். 20/25 போன்ற கார்களின் கனமான மூடிய பாடிகளுக்கு ஒரு காலத்தில் மதிப்பே இல்லை. பல கார்கள் சவ ஊர்தியாயின, பழுது வண்டி இழுத்தன. மரம் உளுத்த பாடியை எறிந்துவிட்டுத் திறந்த டூரர் பாடி கட்டியதால்தான் அந்த அடிச்சட்டங்கள் பழைய இரும்புக் கடைக்குப் போகாமல் தப்பின. பாடி மாற்றியதில் தவறு இல்லை, மாற்றியதை மறைப்பதுதான் தவறு.

ஒரு கார் எவ்வளவு மாறினால் அது அதே கார் இல்லை என்று ஆகும்? இந்தக் கேள்வி 1990-இல் லண்டன் நீதிமன்றத்துக்கே போனது. பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ் ஒன்று, ‘ஓல்ட் நம்பர் ஒன்’ என்று பெயர் பெற்றது. 1929-இல் பார்னாட்டோவும் பிர்கினும், 1930-இல் பார்னாட்டோவும் கிட்ஸ்டனும் பிரான்சின் லே மான் பந்தயத்தில் வென்ற கார். பிறகு அதில் எட்டு லிட்டர் எஞ்சின் ஏறியது. 1932-இல் இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்தில் அதை ஓட்டிய கிளைவ் டன்ஃபீ உயிரிழந்த விபத்து நடந்தது. அதன் பிறகு கூப்பே பாடியோடு சாலைக் காராக மாறியது. ஒரு கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்புக்கொண்டவர், 1929-இல் இருந்த பாகங்கள் இதில் ஏறக்குறைய இல்லையே என்று பின்வாங்கினார். நீதிபதி அந்த வாதத்தை ஏற்கவில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் அது அதே காராகவே அறியப்பட்டு, இடையில் அறுபடாமல் மாறி வந்திருக்கிறது, ஆகவே அந்தப் பெயருக்கு அது உரியது என்று தீர்ப்பு வந்தது. என்னைப் பொறுத்தவரை பழைய கார் வாங்குகிற எவரும் தெரிந்திருக்க வேண்டிய வழக்கு இது. இரும்பு மாறியது; தொடர்ச்சி மாறவில்லை.

புகாட்டி ராயல் கார்களிலும் இதே பாடம் இருக்கிறது. மொத்தம் ஆறுதான் கட்டினார்கள், வெளியாருக்கு விற்றது மூன்று. முதலில் விற்ற காரை வாங்கிய அர்மான் எஸ்டர்ஸ் இரவில் ஓட்டுவதில்லை என்பதால் முன்விளக்கே இல்லாத ரோட்ஸ்டர் பாடியைக் கட்டச் சொன்னார். அந்தப் பாடி பின்னர் கழற்றப்பட்டது. அதே அடிச்சட்டத்தில் பின்டர் நிறுவனத்தின் பாடி ஏறியது. இன்று அந்த அழகான ரோட்ஸ்டரைப் பார்க்க வேண்டுமென்றால் பிரான்சின் முலூஸ் அருங்காட்சியகத்தில் உள்ள மறுபடைப்பைத்தான் பார்க்க முடியும். உண்மையான அடிச்சட்டமோ பின்டர் பாடியோடு வேறு இடத்தில் இருக்கிறது. பின்டர் பாடியை எடுத்துவிட்டு ரோட்ஸ்டரைத் திரும்பக் கட்டியிருந்தால் இரண்டு வரலாறும் கெட்டிருக்கும்.

இன்னொரு ராயல், ஜெர்மன் மருத்துவர் ஒருவர் வாங்கியது, ஷாங்காய் வழியாக நியூயார்க் போய்ப் பழைய இரும்புக் கிடங்கில் கிடந்தது. குளிரில் தண்ணீர் உறைந்து எஞ்சின் பிளாக் வெடித்திருந்தது. 1940-களில் அதை ஜெனரல் மோட்டார்ஸ் பொறியாளர் சார்ல்ஸ் செய்ன் வாங்கிச் சீர்செய்தார். கறுப்பை வெள்ளையாக்கினார், ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் நான்கு வைத்தார். இன்றைய அளவுகோலில் இது தவறான புதுப்பிப்பு. ஆனால் அவர் வாங்காவிட்டால் கார் உருகிப்போயிருக்கும். 1950-களின் இறுதியில் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். இன்றும் அந்த வெள்ளையிலேயே நிற்கிறது. அவர் செய்த மாற்றம் இப்போது காரின் வரலாற்றில் ஒரு பகுதி. அதை யார் எப்போது செய்தார் என்று தெரிவதால்தான் அப்படிச் சொல்ல முடிகிறது.

ஆகவே, பாடி மாற்றிய 20/25 கிடைத்தால் இரண்டு கேள்வி போதும். பழைய பாடி என்னவாயிற்று? புதிய பாடியை யார், எந்த வருஷம் கட்டினார்? இரண்டுக்கும் பதிலும் படமும் இருந்தால், நிறைய ஓட்ட ஆசைப்படுகிறவருக்கு இதுவே பொருத்தமான காராகக்கூட இருக்கலாம். திறந்த கார், எடை குறைவு, கல் தெறித்தால் நெஞ்சு பதற வேண்டியதில்லை. அடிச்சட்ட அட்டையில் லிமுசின் என்று இருக்க, விற்பவர் ‘அன்றைக்கே டூரர்தான்’ என்று சாதித்தால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

பெட்டிகளில் கிடக்கிற காரைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. அதில் காணாமல் போனவற்றின் பட்டியல் வாங்கிய பிறகுதான் தெரியவரும். கழற்றியவர் பாகங்களுக்குச் சீட்டு கட்டி, கழற்றும்போதே படம் எடுத்திருந்தால் தவிர நான் பக்கத்தில் போக மாட்டேன். ஒரு விதிவிலக்கு உண்டு: மரவேலையும் எஞ்சின் வேலையும் தானே தெரிந்தவர், பத்து வருஷம் ஆனாலும் பரவாயில்லை என்கிறவர். அவர் எடுத்தால் கார் பிழைக்கும்.

இப்போது முடிவுக்கு வருவோம். நான்கும் ஒரே நாளில் எதிரே நின்றால், நான் எடுப்பது இரண்டாவது வகை: மங்கிய பெயிண்ட், அறுபடாத பெயர் வரிசை, ஓடிக்கொண்டிருந்ததற்கான ரசீதுகள். அதில் பிரேக்கும் வயரும் டயரும் மாற்றி, மற்றதை விட்டுவிடுவேன். என்றைக்காவது முழுசாகப் புதுப்பிக்கத்தான் வேண்டும் என்று ஆனால் அப்போது செய்துகொள்ளலாம். அந்தக் கதவு எனக்குத் திறந்தே இருக்கிறது. புதுப்பித்த காரிலிருந்து திரும்பிப் போக வழியில்லை. பழுது பார்க்க நேரமோ ஆளோ இல்லாதவருக்கு, நல்ல கோப்போடு வரும் புதுப்பித்த காரைத்தான் சொல்வேன்; கை வைக்காத கார் சின்னச் சின்னதாக வருஷம் முழுக்கக் கவனிப்புக் கேட்கும், அது எல்லோருக்கும் ஒத்துவராது. வாரா வாரம் எடுத்து ஓட்டுகிற ஆசை இருந்தால், நேர்மையாகப் பாடி மாற்றிய டூரர்.

கோப்பு இல்லாத மின்னும் காரா, ஓரளவு காகிதம் உள்ள பாடி மாற்றிய காரா என்று இழுபறி வந்தால்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். கண் முதலாவதையே கேட்கும். நான் பாடி மாற்றியதைத்தான் எடுப்பேன்.

எதை எடுத்தாலும், பணம் கொடுப்பதற்கு முன் விற்பவரிடம் பழைய பாகங்கள் போட்டு வைத்த பெட்டி எங்கே என்று கேளுங்கள். உடைந்த கைப்பிடி, கருத்துப்போன விளக்கு வளையம், பழைய இருக்கையின் ஒரு துண்டுத் தோல் எல்லாம் அதில் இருக்கும். அப்படி ஒரு பெட்டி இருந்தால் காரோடு சேர்த்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வண்டியை ஏற்றுகிற அன்று பெட்டியை மறந்துவிட்டு வருகிறவர்கள் அதிகம். பிறகு கேட்டால், வீட்டைச் சுத்தம் செய்தபோது போட்டுவிட்டோம் என்பார்கள்.